கதவண்டை நின்ற இருவர்



பெங்களூரில் முகவரி தேடி அலைந்த அனுபவம் உங்களில் அநேகருக்கு இருக்கும். நம்முடைய ஊர்களில் தெருவுக்கு ஒரு பெயர் உண்டு. பெயர் இல்லாவிட்டாலும் அடையாளம் சொல்ல ஒரு வேப்பமரமோ ரேஷன் கடையோ உண்டு. இங்கேயோ மெயின் என்றும் கிராஸ் என்றும் தெருக்களை எண்களால் அழைக்கிறார்கள். ஒரே பேட்டையில் இரண்டு ஐந்தாவது கிராஸ் இருக்கும். ஒன்றைத் தேடிப் போகிறவன் மற்றொன்றில் போய் நிற்பான். 1994-இல் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியுடன் இந்நகரில் வந்து இறங்கிய எனக்கு, முதல் ஆறு மாதம் பாதி நேரம் இப்படியே கழிந்தது.

2011-ஆம் ஆண்டு, மழை பிடித்துக்கொண்டிருந்த செப்டம்பர் மாதத்து மாலை ஒன்றில், அதே குழப்பம் இரண்டு வாலிபரை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திற்று. லிங்கராஜபுரத்தில் அப்போது குடியிருந்தோம். மணி அடித்தது, கதவைத் திறந்தேன். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, கறுப்புக் கால்சட்டை, முழங்கால்வரை நனைந்த கோலம். ஒருவன் வெள்ளைக்கார வாலிபன். மற்றவன் நம்மவன், பேச்சில் தெலுங்கு வாடை வீசியது. இருவர் சட்டைப்பையின் மீதும் சிறிய கறுப்புப் பெயர்ப்பலகை. தாங்கள் தேடுவது இன்னொரு ஐந்தாவது கிராஸ் என்று அறிந்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார்கள். மழை வலுத்திருந்தது. உள்ளே வந்து உட்காரும்படி என் மனைவி சொன்னாள். நான் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டிருந்தேன். வாசித்தபின் எனக்குள் ஒரு தயக்கம். அதற்குள் அவர்கள் செருப்புச் சட்டத்தருகே ஷூக்களைக் கழற்றி முடித்திருந்தார்கள்.

அவர்கள் யார் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். மார்மன் என்று உலகம் அழைக்கும் சபையின் மிஷனெரிகள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்களுடைய முழுப்பெயர். 2018-க்குப் பின் மார்மன் என்னும் பட்டப்பெயரைத் தவிர்த்து முழுப்பெயரையே சொல்லும்படி அவர்களுடைய தலைமை கேட்டுக்கொண்டிருக்கிறது. பெயர்ப்பலகையில் அவர்களுடைய சொந்தப் பெயர் இராது. எல்டர் என்ற சொல்லும் குடும்பப் பெயரும் இருக்கும். ஊழியக்காலம் முடியும்வரை யாரும் அவர்களை முதற்பெயரால் அழைப்பதில்லை. எல்டர் என்றால் மூப்பர் அல்லவா? நம் சபைகளில் மூப்பர் என்றால் நரைத்த தலையும் ஜெப அனுபவமும் நினைவுக்கு வரும். இந்த மூப்பருக்கோ மீசையே சரியாக அரும்பவில்லை. வயது பத்தொன்பது என்றான். சிரிப்பு வந்தது, ஆனால் தீமோத்தேயுவின் இளமையைக் குறித்துப் பவுல் எழுதியதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

விருந்தினருக்குக் காபி கொடுப்பது நம் வழக்கம். பெங்களூரில் அது ஏறக்குறைய சட்டம். மனைவி டிகாஷனை எடுப்பதைக் கண்டதும் தெலுங்குத் தம்பி தயங்கித் தயங்கி, “ஆன்ட்டி, நாங்கள் காபி, டீ குடிப்பதில்லை” என்றான். 1833-இல் தங்கள் தீர்க்கதரிசிக்கு அருளப்பட்டது என்று அவர்கள் நம்பும் ஆரோக்கியக் கட்டளை ஒன்று உண்டு. அதன்படி மது, புகையிலை ஆகியவற்றுடன் காபியும் தேயிலையும் விலக்கு. மதுவையும் புகையிலையையும் விட்ட குடும்பங்கள் நம்மிலும் ஆயிரம் உண்டு. ஆனால் தெருவுக்குத் தெரு தர்ஷினியும், பைடூ காபியும் மணக்கும் இந்த ஊரில் இரண்டு வருடம் காபியை முகர்ந்துகொண்டே நடப்பதை எண்ணிப் பாருங்கள். கடைசியில் ஹார்லிக்ஸில் சமாதானம் ஆயிற்று.

மழை நிற்கும்வரை பேசினோம். அவர்களுடைய ஒரு நாள் எப்படிப்பட்டது என்று கேட்டேன். ஆசிரமத்து ஒழுங்குபோல் இருந்தது. காலை ஆறரை மணிக்கு எழும்ப வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. சிற்றுண்டி, குளியல். எட்டு மணிக்குத் தனித்தனியே வேத வாசிப்பு. ஒன்பது மணிக்கு இருவரும் சேர்ந்து வாசிப்பு. பத்து மணிக்கு வெளியே புறப்படுவார்கள். பி.எம்.டி.சி. பேருந்திலும் கால்நடையிலுமாக நகரைச் சுற்றி இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் வீடு திரும்பி, மறுநாளுக்குத் திட்டம் எழுதி, பத்தரைக்கு விளக்கை அணைப்பார்கள். இந்த நேர ஒழுங்கு 2017-க்குப் பின் சற்றுத் தளர்த்தப்பட்டது. அன்று கடுமையாகவே இருந்தது. திரைப்படம் இல்லை, தொலைக்காட்சி இல்லை, பெண்களோடு பழக்கம் இல்லை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் காய்கறி வாங்கவும் வீட்டுக்கு மின்னஞ்சல் எழுதவும் விடப்படும். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம். அந்த உணவின் மதிப்பை ஏழைகளுக்கென்று கொடுத்துவிட வேண்டும்.

இவற்றுள் என்னை வியக்கவைத்தது ஒன்று. அவர்கள் ஒருபோதும் தனியே இருக்கக் கூடாது. ஒருவன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே மற்றவன் இருக்க வேண்டும். கூட்டாளியை அவர்கள் தெரிந்தெடுப்பதில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு முறை மிஷன் தலைவர் இடமாற்றப் பட்டியல் வெளியிடுவார். அதில் யாருடன் பெயர் வருகிறதோ அவனே உடன் உண்பவன், உடன் நடப்பவன், பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுபவன். கர்த்தர் எழுபது பேரை இருவர் இருவராக அனுப்பினார் என்று லூக்கா 10-ஆம் அதிகாரத்தை நாம் எளிதாகப் பிரசங்கிக்கிறோம். அந்த முப்பத்தைந்து ஜோடிகளில் எத்தனை ஜோடி வழியில் சண்டையிட்டதோ! “நாங்களும் முதல் வாரம் பேசிக்கொள்ளவில்லை, அங்கிள்” என்று தெலுங்குத் தம்பி சிரித்தான். இவன் சமைத்த குழம்பின் காரத்தால் அவன் அழுதது காரணமாம்.

போகும் இடத்தையும் அவர்கள் தெரிந்தெடுப்பதில்லை. ஊழியத்துக்கு விண்ணப்பம் எழுதுவார்கள். அந்நாளில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியிலுள்ள தலைமையிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. குடும்பம் முழுவதும் கூடியிருக்க அதைப் பிரித்தார்கள். பிரேசிலோ, ஜப்பானோ, பக்கத்து மாநிலமோ, அதில் கண்ட ஊருக்குப் போக வேண்டும். வாலிபருக்கு இரண்டு ஆண்டு, வாலிபப் பெண்களுக்குப் பதினெட்டு மாதம். சம்பளம் கிடையாது. அன்று அமெரிக்கக் குடும்பங்கள் மாதம் 400 டாலர் தங்கள் கையிலிருந்தே கட்டின. 2020 ஜூலை முதல் அது 500 ஆயிற்று. வசதி குறைந்த நாடுகளின் வாலிபருக்குச் சபை உதவுகிறது. 2012-இல் ஆண்களின் குறைந்த வயது 19-இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-இலிருந்து 19 ஆகவும் குறைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் இப்படி அலைகிறவர்கள் 70 ஆயிரத்துக்கும் அதிகம்.

நம்மில் சிலருக்கு இது புதுமையாகத் தோன்றாது. 1920-களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் வெள்ளுடை ஊழியரை நாம் அறிவோம். விவாகம் இல்லை, சம்பளம் இல்லை, விசுவாச வீட்டில் கூட்டு வாழ்வு, சொன்ன ஊருக்குப் போதல். ஆனால் அது ஆயுள் முழுவதுக்குமான அர்ப்பணம். இவர்களோ இரண்டு ஆண்டு முடிந்ததும் கல்லூரிக்கும் வேலைக்கும் கலியாணத்துக்கும் திரும்புகிறவர்கள். எது கடினம் என்று நான் தீர்ப்புச் சொல்லத் துணியேன். ஒன்று மட்டும் சொல்வேன்: நம் சபைகளில் வாலிபர் முகாமுக்கு மூன்று நாள் விடுப்புக் கேட்டாலே பெற்றோர் முகம் சுளிக்கிறோம்.

இவர்கள் எப்படி நம் நாட்டுக்கு வந்தார்கள் என்று பின்னர் தேடி வாசித்தேன். கதை நான் எண்ணியதைவிடப் பழையது. 1851-லேயே கல்கத்தாவில் அவர்களுடைய முதல் ஊழியர் வந்து இறங்கியிருக்கிறார்கள். 1853-இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் நம் சென்னைக்கே வந்தார். யூட்டாவில் 1849-இல் முதல் ஞாயிறுபள்ளியைத் தொடங்கியவர் அவர். ராபர்ட் ஸ்கெல்டன் அவருடன் இருந்தார். சென்னையில் ஓராண்டு பாடுபட்டும் பலன் மிகச் சொற்பம். மார்மன்களின் பலதார மணம் 1852-இல் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டிருந்ததால் ஐரோப்பியர் கதவடைத்தார்கள். இந்திய மொழிகளில் அவர்களுக்குத் தேர்ச்சி இல்லை. 1850-களிலேயே அந்த முயற்சி ஓய்ந்தது.

இந்த இடத்தில் இன்னொரு வாலிபனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எலைஜா ஹூல் என்னும் மெதடிஸ்ட் மிஷனெரி, 22 வயதில், 1820-இல் கப்பலேறினார். தஞ்சாவூர் என்று பெயர்கொண்ட அவருடைய கப்பல் இலங்கைக் கரையைக் கடந்தபின் இடி விழுந்து எரிந்துபோயிற்று. உடைமைகள் எல்லாம் போய், படகில் உயிர் தப்பினார். மறு ஆண்டு ஜேம்ஸ் மோவட் என்பவருடன் இதே பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு வந்து, தமிழ் கற்று, இங்கிருந்த தமிழரிடையே ஊழியம் செய்தார். பெங்களூர்த் தமிழருக்குச் சுவிசேஷம் சொல்ல வந்தவர்களும் இருவர் இருவராய் வந்த வாலிபரே. அந்நாளில் தாயின் கடிதம் கைக்கு வர மாதக்கணக்கில் கடல் கடக்க வேண்டும். வரும்போது எழுதியவள் உயிரோடிருக்கிறாளா என்பதே நிச்சயமில்லை.

மார்மன் கதைக்குத் திரும்புவோம். நூறு ஆண்டுக்குப் பின் அது மீண்டும் துளிர்த்தது நம் கோயம்புத்தூரில். 1954-இல் எஸ். பால் திருத்துவதாஸ் என்பவர் கையில் அவர்களுடைய பழைய துண்டுப்பிரசுரம் ஒன்று தற்செயலாய் அகப்பட்டது. கடிதம் எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். 1965-இல்தான் அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. பதினோரு ஆண்டு காத்திருப்பு! திருத்துவத்தின் தாசன் என்று பெற்றோர் பெயரிட்ட மனிதர், நாம் அறிக்கையிடும் திருத்துவ உபதேசத்தை ஏற்காத சபையில் சேர்ந்தது விசித்திரமே. பிறகு 1978-இல், சமோவா தீவில் அச்சபையில் சேர்ந்திருந்த எட்வின் தர்மராஜு, எல்சி தர்மராஜு தம்பதியர் ஐதராபாத்துக்குத் திரும்பி வந்து தங்கள் உறவினர் சுமார் 20 பேரைச் சேர்த்துக்கொண்டனர். எல்சியின் தந்தை ஒரு பாப்டிஸ்ட் போதகர். மார்மன் புஸ்தகத்தைத் தெலுங்கில் பெயர்க்கும் வேலையை ஏற்றவரும் அவரே. 1993 ஜனவரியில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய மிஷன் அமைந்தது. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவில் கணிதப் பேராசிரியராய் இருந்த குர்சரண் சிங் கில் அதன் முதல் தலைவர். 2018 ஏப்ரலில் பெங்களூரில் ஆலயம் கட்டப்படும் என்று அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 2-இல் அடித்தளப் பணிக்காக மண் தோண்டினார்கள். அதற்கு முன், தங்கள் விவாகத்தை ஆலயத்தில் முத்திரையிட விரும்பிய இந்தியக் குடும்பங்கள் ஹாங்காங், மணிலா போன்ற தூர இடங்களுக்குக் கடன் வாங்கிப் பயணப்பட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் இந்நாடெங்கும் அவர்கள் தொகை ஏறத்தாழ 15 ஆயிரமே.

வாசகரே, உங்கள் மனதில் எழும் கேள்வி எனக்குக் கேட்கிறது: இவர்களைப் புகழ்வதற்கா இத்தனை எழுதுகிறாய்? இல்லை. அவர்களுடைய உபதேசத்தை நாம் ஏற்க முடியாது. மறைத்துப் பேசுவது அன்பாகாது. 1830-இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மார்மன் புஸ்தகத்தை வேதாகமத்துக்கு அருகே வேதமாக வைக்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகியோரைத் தனித்தனி மூன்று ஆள்களாகக் கொள்கிறார்கள். மரித்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். கலாத்தியர் முதல் அதிகாரத்தை அறிந்த எவரும் இங்கே நின்று யோசிப்பர். நம் ஜனங்கள் இடறுவது வேறோர் இடத்தில். அவர்கள் சொல்லும் சொற்கள் எல்லாம் நம் சொற்களே: இரட்சிப்பு, அப்போஸ்தலர், தீர்க்கதரிசி, அந்நிய பாஷை, தசமபாகம். ஆதிசபை இழந்ததைத் தேவன் மீண்டும் தந்தார் என்கிறார்கள். நாமும் பின்மாரி என்று ஏறக்குறைய அதே ஆசையோடு பேசியவர்கள்தாம். ஒரே சொல்லுக்குள் வேறு பொருள் இருக்கும். ஆகையால், “அவர்களும் இயேசு என்றுதானே சொல்கிறார்கள்” என்று கையொப்பம் இடுமுன் பொருளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று மாலை எங்கள் வீட்டில் உபதேசம் பேசப்படவில்லை. இந்தியாவில் அவர்கள் வீடு வீடாகக் கதவு தட்டுவதில்லை, அழைத்த வீட்டுக்கே போகிறோம் என்றார்கள். மதமாற்றம் என்னும் சொல் எத்தனை எளிதில் தீப்பற்றும் என்பதை இந்நகரில் ஜெபவீடு நடத்தும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை தணிந்தது. வெள்ளைக்கார வாலிபன் ஷூ மாட்டும்போது என் மனைவி, தனக்குத் தெரிந்த பத்து ஆங்கிலச் சொல்லில் பாதியைச் செலவிட்டு, அம்மாவிடம் பேசினாயா என்று கேட்டாள். மே மாதம் பேசினேன் என்றான். அவளுக்குப் புரியவில்லை. தம்பி விளக்கினான்: வருடத்தில் இரண்டே முறை வீட்டுக்குத் தொலைபேச அனுமதி. ஒன்று மே மாதத்து அன்னையர் தினம், மற்றொன்று கிறிஸ்துமஸ். அதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், முறுக்கு டப்பாவைக் காலி செய்து ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள்.

எனக்கு நான் வந்த காலம் நினைவு வந்தது. ஞாயிறு இரவு எஸ்.டி.டி. கடை முன் வரிசையில் நிற்போம். இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. பக்கத்துத் தெரு நாடார் கடையின் எண்தான் எங்களுக்கு பி.பி. எண். ஆள் அனுப்பி அம்மாவை அழைத்துவருவதற்குள் மீட்டர் ஓடும், கண்ணாடிக்குள் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்” என்பதோடு வைத்துவிடுவேன். அந்த ஒரு சொல்லில் என் வாரம் ஓடிற்று.

மறு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் இதை ஒரு சகோதரரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. யோவானின் இரண்டாம் நிருபம் பத்தாம் வசனத்தைக் காட்டினார். இந்த உபதேசத்தைக் கொண்டுவராதவனை வீட்டில் ஏற்றுக்கொள்ளாதிருக்கவும் வாழ்த்துச் சொல்லாதிருக்கவும் அங்கே கட்டளை இருக்கிறது. அவர் சொன்னது பொய்யல்ல. எபிரெயர் பதின்மூன்றாம் அதிகாரமோ அந்நியரை உபசரிக்க மறக்க வேண்டாம் என்கிறது. இரண்டும் ஒரே வேதம். அன்றிரவு எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை.

எங்கள் போதகரிடம் போனேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. யோவான் எழுதிய காலத்தைக் குறித்துப் பேசினார். அன்று சபை கூடியதே வீடுகளில்தான். வீட்டில் ஏற்றுக்கொள்வது என்றால், ஊர் ஊராய்ச் சுற்றும் உபதேசியைத் தங்கவைத்து, கூட்டத்தில் பேச இடம் கொடுத்து, வழிச்செலவுக்கும் உதவி அனுப்புவது. வருகிற உபதேசி மூன்று நாள் தங்கினாலே கள்ளத் தீர்க்கதரிசி என்று எச்சரிக்கும் ஆதிசபைக் கையேடு ஒன்றும் உண்டு. அந்த அளவுக்கு இது அன்றாடச் சிக்கலாய் இருந்ததாம். “பிரசங்கப் பீடத்தைக் கொடுத்தீர்களா?” என்று கேட்டார். ஹார்லிக்ஸ் கொடுத்தோம் என்றேன். அவர் சிரித்தார்; ஆனால் உடனே, “அடுத்த தடவை அவர்கள் புஸ்தகத்தோடு வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்” என்றார். சகோதரர் இன்றுவரை இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. அவருடைய அக்காள் மகள் ஒருத்தி வேறொரு தவறான கூட்டத்தில் சிக்கிக் குடும்பத்தை விட்டுப் போனவள் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். அவர் வலி எனக்கு இல்லாதது.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவர்கள் வந்தார்கள். இம்முறை சரியான முகவரிக்கு. வெள்ளைக்காரத் தம்பிக்கு இடமாற்றம் வந்துவிட்டது. வேறு ஊருக்கு ரயிலேற வேண்டும். முறுக்குக்கு நன்றி சொல்ல வந்தேன் என்றான். மனைவி சோறும் மீன்குழம்பும் வைத்தாள், அவனுக்காகக் காரம் குறைத்து. உண்ணும் முன் ஜெபிப்பது யார் என்று ஒரு நொடி எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். என் வீடு, நான் ஜெபித்தேன். நாங்கள் கையை உயர்த்திச் சத்தமாய் ஜெபிக்கிறவர்கள். அவர்கள் கைகளை மார்பின் குறுக்கே கட்டித் தலைகுனிந்திருந்தார்கள். முடிவில் எல்லாரும் ஆமென் சொன்னோம். எழுந்திருக்கும்போது அவன் பையிலிருந்து மார்மன் புஸ்தகத்தை எடுத்து இரு கைகளாலும் நீட்டினான். நான் வாங்கவில்லை. நாங்கள் விசுவாசிப்பது வேறு, தம்பி, ஆனால் உனக்காக ஜெபிப்போம் என்றேன். அவன் முகம் ஒரு கணம் வாடிற்று. புஸ்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தான். கோபம் இல்லை. தெருமுனைவரை நான் கூடப் போனேன். பேருந்தில் ஏறியபின் கையை அசைத்தான்.

2019 பிப்ரவரியில் ஒரு செய்தி வாசித்தேன். அச்சபையின் மிஷனெரிகள் இனி வாரந்தோறும் வீட்டாருடன் தொலைபேசியில் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம் என்று விதி மாற்றப்பட்டிருந்தது. மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன்.

“இதை எட்டு வருஷத்துக்கு முந்தியே செஞ்சிருக்கக் கூடாதா?” என்றாள். சற்று நேரம் கழித்து, “அந்தத் தம்பி பேரு என்னங்க?” என்று கேட்டாள்.

எனக்கு நினைவில் இல்லை. பெயர்ப்பலகையில் இருந்தது குடும்பப் பெயர் மட்டுமே. அதுவும் வாயில் நுழையாத பெயர். ஆகையால் இன்றைக்கும் எங்கள் குடும்ப ஜெபத்தில் அவன் முறை வரும்போது, “அந்த அம்மாவோட மகன்” என்றே அவள் சொல்லிவருகிறாள்.